வேரில்லாத சேறு

அன்று காலை இலவமரத்தடியில் இருந்தவர்கள் இவர்கள். கிழக்குப் பக்கத்து இரண்டு வேர்களுக்கு நடுவில், முதுகு சாய்க்க வாகான இடத்தில், இன்ஃபாண்டா. அந்த ஆண்டு கரை பார்க்கும் முறை அவருடையது. அதனால் வேர்வை வழிந்தும் அந்தப் பொறுப்புக்கு அடையாளமான சிவப்புக் குல்லாயைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது கைப் பக்கம், கவிழ்த்துப் போட்ட உரலின் மேல், மடியில் ஒரு பலகையும் பலகைமேல் சர்க்காருக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத் தாளுமாகச் செகுந்தா. ஊரில் போர்ச்சுகீசு எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கத்தியோ நகரத்தில் பாதிரிமார் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். எதிரே பாயில் பெண்கள் எட்டுப் பேர். பாயில் இடம் இருந்தும் சாபாது அக்கா மட்டும் தன் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அணைந்த புகைக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் ஆறு பேர் பழைய ஓடத்துப் பலகையில் வரிசையாக. பிசெந்தி எந்த வரிசையிலும் இல்லை. மரநிழல் முடிகிற இடத்துக்கு இரண்டடி வெளியே, வெயிலில் குத்துக்காலிட்டிருந்தான். அங்கே உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

வராதவர்களையும் சொல்லிவிட வேண்டும். செகுந்தாவின் புருஷன் வாங்னாவும் இளவட்டங்கள் பதினெட்டுப் பேரும் உடைப்பில், மார்பளவு தண்ணீரில் நின்று முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். முளை அடிக்கும் சத்தம் மரத்தடி வரை கேட்டது. அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் செகுந்தா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி கேட்டதும் தாளைப் பார்த்தாள். காலையிலிருந்து இதுவே வேலையாக இருந்தது.

உடைப்பெடுத்து அது மூன்றாவது நாள். கடல் ஆற்றுக்குள் ஏறும் அமாவாசை ஏற்றம் வந்த விடிகாலையில், பிசெந்தி பங்குக் கரையில், தூம்பு இருந்த இடத்தில் கரை வாயைப் பிளந்துகொண்டது. தூம்பு என்றால் கரைக்குக் குறுக்கே புதைத்த, குடைந்த பனைமரம்; மழைத்தண்ணீர் மிஞ்சினால், கடல் இறங்கும் வற்றத்தின்போது அடைப்பைப் பிடுங்கி அது வழியாக ஆற்றில் விடுவார்கள். இருபத்திரண்டு அடி நீளமுள்ள அந்த மரத்தைத் தண்ணீர் தூக்கி வயல் நடுவில் எறிந்திருந்தது. நட்டு மூன்று வாரமே ஆன நாற்று. நாலு வீட்டு வயல் அன்றைக்கே உப்பைக் குடித்துவிட்டது. மீதி வீடுகளை உள்ளே ஓடும் இடைக்கரை தாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் பௌர்ணமி. அந்த ஏற்றத்தை இடைக்கரை தாங்காது என்று மரத்தடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"எழுது. கரை ஒடஞ்சுபோச்சுன்னு எழுது," என்றார் இன்ஃபாண்டா.

"எந்த மாதிரிக் கரைன்னு கேட்டிருக்கான் மாமா. ரெண்டு கட்டம் போட்டிருக்கான். ஒண்ணு தீக், அதான் மண்ணுக் கரை, இன்னொண்ணு சுவரு. ஒண்ணுல கோடு போடணும்."

"சுவருல போட்டுத் தொலைச்சிராதடி," என்றாள் சாபாது. "போன தடவை, அப்ப இங்க இருந்த வாத்தியாரு அதுலதான் போட்டாரு. சிமெண்டு மூட்டையோட ஒரு மேஸ்திரி வந்து எறங்குனான். அவன் கட்டுன சுவரு ஒரே ஏத்தத்துல சாஞ்சு, இப்ப என் ஆடு அதுமேல ஏறி நின்னு ஊரைப் பாக்குது. ஆட்டுக்கு மாடி வீடு கட்டிக் குடுத்த சர்க்கார் இந்த ஒலகத்துலயே நம்ம சர்க்கார்தான்."

பெண்கள் சிரித்தார்கள். பலகையில் இருந்த ஆண்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிசெந்தியும் சிரித்தான், சிரித்த பிறகு, தனக்குச் சிரிக்க உரிமை உண்டா என்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டான். செகுந்தா 'தீக்' என்ற கட்டத்தில் கோடு போட்டாள்.

இந்த ஊரில் தண்ணீரைத் தடுத்து நிற்பதற்கு நாலு பெயர் உண்டு. ஆற்று ஏற்றத்துக்கு முகம் கொடுத்து நிற்பது பெருங்கரை. அது போனால் பின்வயலைக் காப்பது இடைக்கரை. மழைத்தண்ணீரை நாற்றின் காலடியில் நிறுத்துவது வரப்பு. தாத்தன்மார் கட்டி, பிறகு இன்னும் முன்னே போய்ப் புதிதாகக் கட்டியபோது கைவிட்ட பழைய மேடு, இப்போது முந்திரி முளைத்துக் கிடப்பது, உறங்குகரை. வரப்பு உழுகிறவனுக்குச் சொந்தம். இடைக்கரை இரண்டு வீட்டுக்குப் பொது, அதனால் சண்டையும் பொது. உறங்குகரை செத்தவர்களுடையது. பெருங்கரை ஊருக்குச் சொந்தம் என்றாலும் முப்பத்தொரு பங்காகப் பிரித்தது. அவரவர் பங்கில் ஒவ்வொரு கோடையும் புதுச்சேறு வெட்டி ஏற்ற வேண்டும். பெருங்கரை உடைந்தது என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர் வாயில் அடுத்து வருவது, எவன் பங்கு என்பதுதான். பங்கைக் காக்காதவனுக்கு அதன் பின்னால் இருக்கும் வயலும் கிடையாது. கரையும் வயலும் சேர்ந்தே கைமாறும். போர்ச்சுகீசில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் பங்கும் இல்லை, பங்காளியும் இல்லை. ஒருத்தி ஒளிந்துகொள்ள அதில் வேண்டிய இடம் இருந்தது. செகுந்தா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்து என்ன கேக்கறான்?" என்றார் இன்ஃபாண்டா.

"உடைப்போட அளவு. அதுக்கப்புறம் காரணம். அதுக்கப்புறம் யாரு பொறுப்பு. கடைசியா, நமக்கு என்ன வேணும்."

"காரணத்துல எழுதிக்க. கோடையில பிசெந்தி தன் பங்குல பாதிக்குத்தான் சேறு ஏத்துனான். மீதிப் பாதியை அப்படியே விட்டுட்டான். பொறுப்புல அவன் பேரை எழுது. பங்கை வேற வீட்டுக்கு மாத்திட்டோம்னும் சேத்து எழுதிரு. அப்பத்தான் இவனுங்க திரும்பவும் ஒடச்சிட்டு வந்து நிக்கமாட்டாங்கன்னு சர்க்காருக்கு நம்பிக்கை வரும்."

பாயில் இருந்த ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அவன் பொண்டாட்டி செத்து அஞ்சு மாசந்தான் ஆவுது."

"எனக்குத் தெரியாதா? பொணத்தைத் தூக்குனவன்ல நானும் ஒருத்தன்." இன்ஃபாண்டாவின் குரல் உயரவில்லை. "இளவட்டத்தைக் கூப்பிட்டுச் சேறு ஏத்தணும்னா பன்னி வெட்டிச் சோறு போடணும். இருந்த பன்னியும் நெல்லும் சாவுக்குப் போச்சு. எல்லாம் தெரியும். தண்ணிக்குத் தெரியுமா? பிசெந்தி, நீ என்னப்பா சொல்ற?"

பிசெந்தி ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். "என் பங்குதான் அண்ணே," என்றான். 

செகுந்தாவின் பேனா காரணம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்றது. பேனாவுக்குக் கீழே அவளுடைய வலது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. உரலும் சேர்ந்து ஆடியது. குதிகாலில் அந்தச் சேற்றின் பதம் இன்னும் இருந்தது. எத்தனை தடவை கழுவியும் அது போகவில்லை.

அமாவாசைக்கு நாலு நாளைக்கு முன்பு. மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் வருகிறார்கள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். வீட்டில் அரிசி இருந்தது, செம்பனை எண்ணெய் இருந்தது, கறிக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் வற்றம் அடியோடு இறங்கியிருந்த நேரத்தில் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு பெருங்கரைக்குப் போனாள். பிசெந்தி பங்குத் தூம்புதான் பக்கம். கோடையில் பெண்கள் எல்லோரும் செய்வதுதான்: அடைப்பைப் பிடுங்கிவிட்டு வாயில் கூடையை வைத்தால் உள்ளிருந்து ஓடிவரும் தண்ணீர் மீனைக் கொண்டுவந்து கூடையில் கொட்டும். ஆனால் நாற்று நட்ட பிறகு பங்குக்காரனைக் கேட்காமல் தூம்பில் யாரும் கைவைக்கக் கூடாது. அவள் கேட்கவில்லை. பெண்டாட்டியை இழந்தவனிடம் போய் மீன் பிடிக்கட்டுமா என்று கேட்க என்னவோ போல இருந்தது. அரைக்கூடை மடவை விழுந்தது, உள்ளங்கை நீளத்துக்கு, வெள்ளிபோல. பிறகு அடைக்க வேண்டும். அடைப்புக்கு என்று ஒரு குழி உண்டு. அங்கே இடுப்பளவு இறங்கி, புல்வேர் பின்னிய சாம்பல்நிறச் சேற்றைக் கட்டியாக வெட்டி வர வேண்டும். வேர்தான் சேற்றைப் பிடித்துவைக்கும். குழி இருநூறு எட்டு தள்ளி. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, மீனைக் கழுவ வேண்டும், மகள் தலையைப் பின்னிவிட வேண்டும். காலடியில் வாய்க்கால் ஓரமாக இளஞ்சேறு கிடந்தது. அதையே அள்ளித் திணித்துக் குதிகாலால் நாலு மிதி மிதித்தாள். பார்வைக்கு அடைப்புப் போலத்தான் இருந்தது.

மறுநாள் சமைத்ததில் மூன்று பெரிய மடவையை ஒரு கிண்ணத்தில் போட்டுப் பிசெந்திக்கும் கொடுத்தனுப்பினாள். வழக்கம்தான். அவன் பெண்டாட்டி போனதிலிருந்து அவன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகாத நாள் கிடையாது.

"அளவை எழுதிட்டியா?"

"நேர்ல அளக்காம எழுத முடியாது மாமா," என்று எழுந்துவிட்டாள். உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதுதான் விஷயம்.

"பிசெந்தி, கயித்தோட ஒரு முனையைப் பிடிச்சுக்க. உன் பங்கு, நீயே அள," என்றார் இன்ஃபாண்டா.

இரண்டு பேரும் பெருங்கரை மேல் நடந்தார்கள். ஒற்றை ஆள் நடக்கும் அகலம். அவன் முன்னே, அவள் பின்னே. இடது பக்கம் சதுப்புக்காடு, வலது பக்கம் கருகின நாற்று. உப்பு ஏறிய வயலுக்கு ஒரு வாசனை உண்டு, ஊறின தோல் போல. வற்றம் முடிந்து ஏற்றம் இப்போதுதான் திரும்பியிருந்தது. உடைப்பில் வாங்னா மார்பளவு தண்ணீரில் முளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்ததும், "என்னடி, எழுத்துக்காரி! எழுதி முடிச்சாச்சா, இல்ல உன் பேனாவும் தண்ணியில போச்சா?" என்று கத்தினான். பையன்கள் சிரித்தார்கள். அவள் ஏதாவது பதில் கொடுப்பாள் என்று காத்திருந்தான். அவள் பிசெந்தியின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். அவன் முகம் ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு, முளைக்குத் திரும்பியது.

கயிற்றைப் பிசெந்தி ஒரு பையனிடம் எறிந்தான். பையன் அதை எதிர்க்கரைக்கு நீந்திக் கொண்டுபோனான். அகலம் பதினாலு அடி. செகுந்தா தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். பிசெந்தி கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்:

"கூடையை வீட்டுக்கு வெளியில மாட்டி வச்சிருக்க."

செகுந்தா தாளிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"உள்ள எடுத்து வை. அதுல இன்னும் செதில் ஒட்டிக்கிட்டிருக்கு. பாக்கறவங்க பாப்பாங்க."

"அண்ணே... எப்ப தெரியும்?"

"கிண்ணத்தைத் தொறந்தப்பவே. நடவு முடிஞ்சு அந்த அளவு மடவை வேற எங்கேருந்து வரும்?" கயிற்றைச் சுற்றி முடித்துத் தோளில் போட்டான். "மறுநாளே போய்ப் பாத்திருக்கணும். என் பங்குத் தூம்பு. போவலை. அப்பல்லாம் எழுந்திரிக்கவே பிடிக்கலை. மீனைத் தின்னுட்டுப் படுத்துக்கிட்டேன். ருசியாத்தான் இருந்துச்சு."

"ஏண்ணே சபையில சொல்லலை?"

"உனக்கு நாலு புள்ளை. ஒண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. எனக்கு யாரு? ஒத்தை வயிறு எங்கயாவது ரொம்பிரும்." அவ்வளவுதான். திரும்பி நடக்கத் தொடங்கினான். அவனுடைய முதுகெலும்பு சட்டையின் கிழிசலில் கணுக்கணுவாகத் தெரிந்தது. வயல் இல்லாத ஆளுக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும்: பிறத்தியார் பங்கில் சேறு வெட்டுவது, அல்லது படகேறிப் போய் நகரத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்குவது. போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

மரத்தடிக்கு வந்து மீதிக் கட்டங்களை நிரப்பினாள். அகலம், ஆழம், உப்பேறிய வயல் எத்தனை வீட்டுடையது, காக்க வேண்டியது எத்தனை. வேண்டுவது: இளவட்டங்களுக்குச் சோறு போட அரிசி இருபது மூட்டை, தூம்பு ஒன்று. காரணம், பொறுப்பு என்ற இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். பிறகு அவற்றையும் எழுதினாள். எழுதும்போது கால் ஆடவில்லை. எழுதி முடித்ததும் ஆடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

"ஒட்டுறதுக்குச் சோறு எடுத்துட்டு வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மழைக்காலத்தில் உறையின் பசை எல்லாம் நமத்துப்போய்விடும். சோற்றுப் பருக்கைதான் பிடிக்கும். சட்டியிலிருந்து ஒரு கைச் சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டாள். வாசல் கழியில் கூடை தொங்கியது. அதன் முன் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே வைக்க இரண்டு எட்டுதான். கூடையைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஏற்றம் ஏறிவிட்டதால் முளை அடித்தவர்கள் கரையேறியிருந்தார்கள். வாங்னா மார்பு வரை சேறோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கடிதம் எதுவானாலும் ஒட்டுவதற்கு முன் எல்லோர் காதிலும் விழ வாசிக்க வேண்டும் என்பது வாத்தியார் காலத்திலிருந்து உள்ள ஏற்பாடு. சிமெண்டு வந்து இறங்கியதற்கு அப்புறம் ஏற்பட்டது. செகுந்தா உரலில் உட்காராமல் நின்றபடி வாசித்தாள். போர்ச்சுகீசில் இருந்ததைத் தங்கள் பேச்சில் வரிவரியாகச் சொன்னாள். அளவு, வீடுகள், அரிசி மூட்டை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"காரணம். அமாவாசைக்கு நாலு நாள் முன்ன, பங்குக்காரனைக் கேக்காம ஒருத்தி தூம்பைத் தொறந்து மீன் பிடிச்சா. அடைக்கறப்ப வேரில்லாத சேத்தை வச்சு அடைச்சா. ஏத்தத்துல அது கரைஞ்சு கரையைக் கொண்டுபோயிருச்சு. பொறுப்பு. செகுந்தா, வாங்னா வீடு."

கூடையைத் தரையில் வைத்தாள். இவ்வளவு பேர் பார்க்கும்போது அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

 பிசெந்தி எழுந்து நின்றுவிட்டான். இன்ஃபாண்டா குல்லாயைக் கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வச்சியே, அந்த மீனா?" என்றாள் சாபாது.

"அதான் அக்கா."

"நாசமாப் போக. தலையை எனக்கில்லடி குடுத்த? நல்லா உறிஞ்சித் தின்னேன்."

"தின்னது யாருன்னு இப்ப யாரு கேட்டா?" இன்ஃபாண்டாவின் குரல் இப்போது உயர்ந்தது. "நாலு வீட்டு நாத்து போச்சு. நாலு வீடு! படிச்சவ நீ. பொறுப்பானவன்னுதான உன் கையில தாளைக் குடுத்தோம்? வாங்னா! உனக்குத் தெரியுமா இது?"

வாங்னா சேற்றுக் கையை இடுப்பில் துடைத்தான். துடைக்கத் துடைக்கச் சேறு பரவியது. செகுந்தாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"தெரியாது," என்றான். பிறகு, "ஆனா மீனு நானுந்தான் தின்னேன்," என்றான்.

பலகையில் இருந்தவர்களில் ஒருவர் குறுக்கிட்டார். "இப்படி எழுதுனா தூம்பு குடுப்பானா? நம்மாளே ஒடச்சதுன்னு தெரிஞ்சா?"

"பிசெந்தி பேரை எழுதுனா மட்டும் அவன் என்ன, ஆத்தோட அக்கா மகனா?" என்றாள் சாபாது. "அவனும் நம்மாளுதான. அவ என்ன தூம்பு கேட்டிருக்கான்னு முழுசா வாசிக்கச் சொல்லு."

செகுந்தா கடைசி வரியை வாசித்தாள். "மூடி போட்டுப் பூட்டுற பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு. பூட்டுச் சாவி ரெண்டு."

எங்கோ ஒரு மூலையில் யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். இன்ஃபாண்டா ஆற்றுப் பக்கம் திரும்பினார். வாங்னாவின் பங்கு, அதன் பின்னால் வயல், அதில் உப்புப்படாமல் நிற்கும் நாற்று, எல்லாம் அவர் கண்ணில் வந்து போவதுபோல் இருந்தது.

"வயல் பேச்சை உடைப்பை அடைச்ச அப்புறம் பேசிக்குவோம். பௌர்ணமி கழியட்டும். சபை மறக்காது." கையை நீட்டிக் கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். "ஒட்டு. படகு போயிரப் போவுது."

செகுந்தா பருக்கையை விரலால் நசுக்கி உறையின் வாயில் தேய்த்தாள். போன அறுப்பில் வந்த நெல். நல்ல பசை உள்ள அரிசி. உறையை மடித்து அழுத்தி, பலகை ஓரத்தில் வைத்து இன்னொரு தடவை அழுத்தினாள். அழுத்தின இடத்தில் ஒரு முழுப் பருக்கை நசுங்காமல் புடைத்துக்கொண்டு நின்றது. விட்டுவிட்டாள்.

"எங்கிட்ட குடு. நான் கொண்டுபோறேன்," என்றான் பிசெந்தி. நிழலுக்குள் எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

படகுத்துறைக்கு வழி பெருங்கரை மேல்தான். ஏற்றத்தில்தான் படகு துறைக்கு வரும்; ஏற்றத்தில்தான் உடைப்பும் நிறைந்திருக்கும். பிசெந்தி கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, செகுந்தாவை ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்தான். கூட்டம் கலையவில்லை. வாங்னா வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான், தொடாமல், ஒரு முழம் தள்ளி.

தூரத்தில் பிசெந்தி உடைப்பின் ஓரத்தில் நின்று சட்டையைக் கழற்றித் தலையில் சுற்றுவது தெரிந்தது. கடிதத்தை அந்தச் சுற்றின் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினான். இடுப்பு மறைந்தது. தோள் மறைந்தது. நடுவில் இழுப்பு இருக்கும் இடத்தில் தலையும் கொஞ்சம் சாய்ந்தது. பிறகு தண்ணீருக்கு மேல் வெள்ளையாகக் கடித உறையும் அதைப் பிடித்திருக்கும் கையும் மட்டும் தெரிந்தன. செகுந்தா விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். சோற்றுப் பசை காய்ந்து இரண்டு விரலும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கண்ணை எடுக்காமல் நின்றாள். அந்த வெள்ளை ஒரு பக்கமாக நழுவி, நின்று, மறுபடி எதிர்க்கரையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது.